டொமைன் டெவலப்பர் பேர்ல இருக்கு, எங்க போட்டோவ இன்னொரு கடை எடுத்துப் போட்டிருக்கு – சட்டப்படி என்ன பண்ணலாம்?

மதுரைக்காரி77:

வணக்கம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க. மூணு நாளா சரியாத் தூங்கல, யார்கிட்ட கேக்கறதுன்னும் தெரியல.

மதுரையில சுங்குடிப் புடவை விக்கிறோம். பிரிண்ட் இல்ல, கையால முடிச்சுப் போட்டு சாயம் ஏத்துற சுங்குடி. முடிச்சு என் மாமியாரும் எங்க தெருவுல நாலு அக்காவும் போடுறாங்க, சாயத்துக்கு வெளிய குடுக்கறோம், போட்டோ, பேக்கிங், போன்ல பதில் சொல்றது எல்லாம் நான். 2019ல வாட்ஸ்அப்ல ஆரம்பிச்சோம், 2021ல தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட 28,000 குடுத்து வெப்சைட் போட்டோம். வருஷா வருஷம் ரினிவலுக்குன்னு 6,000 கேப்பாரு, ஜிபே பண்ணிருவேன். போன வாரம் ஏதோ மாத்தணும்னு டொமைன், அதாவது சைட்டோட முகவரிப் பேர வித்த கம்பெனிக்கு போன் பண்ணினா "இந்த அக்கவுண்ட் உங்க பேர்ல இல்லையே மேடம்"னு சொல்றாங்க. அவர்கிட்ட கேட்டா, ஆமா என் பேர்லதான் வாங்கினேன், உங்களுக்கு மாத்தணும்னா 40,000 ஆகும்னு சொல்றாரு. ரினிவலுக்கு இன்னும் 23 நாள்தான் இருக்கு. அதுல வர்ற ஆர்டர வச்சுத்தான் அஞ்சு வீட்டுல அடுப்பு எரியுது.

இது போதாதுன்னு அதே வாரம் ஒரு அம்மா போன் பண்ணி சத்தம் போடுறாங்க, உங்ககிட்ட வாங்கின புடவை துவைச்சதும் புள்ளி மங்கிப்போச்சுன்னு. நாங்க அவங்களுக்கு வித்ததே இல்ல. எங்க வாங்கினீங்கன்னு கேட்டு அந்த சைட்ட தொறந்து பார்த்தா 11 போட்டோ எங்களோடது, கீழ எழுதியிருக்கிற வரி கூட வார்த்தை மாறாம எங்களோடது. நாங்க 2,200க்கு விக்கிறத 850ன்னு போட்டிருக்கான். ஒரு போட்டோவுல சாயம் காஞ்ச புடவையில என் மாமியார் முடிச்சப் பிரிக்கிற கை இருக்கும், ஆள்காட்டி விரல் நகத்தச் சுத்தி நீலச் சாயம், பழைய கண்ணாடி வளையல் ரெண்டு. அதையும் விடல. அத்தைகிட்ட காட்டினேன், ஒண்ணும் சொல்லாம கைய முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டாங்க.

எங்கள மாதிரி சின்ன ஆளுங்களுக்கு இதுல சட்டம்னு ஏதாவது இருக்கா, இல்ல பெரிய கம்பெனிக்கு மட்டும்தானா?

கோயமுத்தூர்_சர்வர்:

அக்கா நான் இந்த வேலையிலதான் இருக்கேன், சட்டம் தெரிஞ்சவங்க வந்து சொல்லட்டும், அதுக்கு முன்னாடி இன்னைக்கு ராத்திரியே செய்ய வேண்டியத சொல்றேன்.

சைட்டோட அட்மின் லாகின் உங்ககிட்ட இருந்தா உள்ள போய் ஃபுல் பேக்கப் எடுங்க, புராடக்ட் லிஸ்ட், ஆர்டர் லிஸ்ட், கஸ்டமர் நம்பர் எல்லாம் எக்ஸ்போர்ட் பண்ணி பென்டிரைவ்லயும் போடுங்க. பேமெண்ட் கேட்வேயில இருக்கிறது உங்க பேங்க் அக்கவுண்ட்தானான்னு பாருங்க. சைட்டு நாளைக்கே படுத்தாலும் சரக்கும் கஸ்டமரும் உங்க கையில இருந்தா வேற டொமைன்ல ரெண்டு நாள்ல எழுப்பிடலாம்.

அடுத்து டொமைன். டாட் காம்னா அவர்கிட்ட நீங்க கேக்க வேண்டியது ரெண்டே விஷயம்: லாக்க எடுத்து விடணும், ஆத் கோடு தரணும், அது டொமைன வேற கம்பெனிக்கு மாத்தறதுக்கான ரகசியக் கோடு. ஈபிபி கோடுன்னும் சொல்லுவாங்க. அது கைக்கு வந்தா உங்க பேர்ல வேற ரெஜிஸ்ட்ரார்ல, அதாவது டொமைன் விக்கிற வேற கம்பெனியில, அக்கவுண்ட் தொறந்து டிரான்ஸ்ஃபர் போட்டுக்கலாம், பழைய கம்பெனி ஒண்ணும் செய்யலைன்னாலும் அஞ்சு நாள்ல முடிஞ்சிரும், டாட் காம்ல டிரான்ஸ்ஃபர் ஆகும்போதே ஒரு வருஷம் கூடச் சேர்ந்துக்கும். அவர் "முதல்ல பேர மட்டும் மாத்தித் தர்றேன்"னு சொன்னா அவசரப்பட்டு ஒத்துக்காதீங்க, பேர் மாத்தினா சில ரெஜிஸ்ட்ரார்ல 60 நாளைக்கு வெளிய நகர்த்த முடியாம லாக் விழும். முதல்ல கோடு வாங்கி நகர்த்துங்க, பேர் அப்புறம். இல்லைன்னா அவர் இருக்கிற அதே ரெஜிஸ்ட்ரார்ல நீங்களும் ஒரு அக்கவுண்ட் தொறந்து அங்கயே தள்ளிவிடச் சொல்லுங்க, அது ரொம்ப சுலபம்.

23 நாள்ங்கிறத நெனச்சு பயப்படாதீங்க, டாட் காம் காலாவதி ஆனதும் அன்னைக்கே அடுத்தவன் கைக்குப் போயிராது, டெலீட் பண்ணின பிறகும் 30 நாள் மீட்கிற காலம் இருக்கு. ஆனா அந்த நேரத்துல மீட்கறதுக்கு அக்கவுண்ட் வச்சிருக்கிறவருக்குத்தான் வழி, காசும் கூட. அதனால இப்பவே வாட்ஸ்அப்ல எழுத்துல கேளுங்க. போன்ல பேசாதீங்க.

நெல்லை_பாய்ஸ்:

சிஸ்டர் அந்த ஆளுகிட்ட வேலை பாத்த பையன் யாராவது இருப்பான், அவன்கிட்ட அக்கவுண்ட் பாஸ்வேர்டு வாங்கி உள்ள போயி மாத்திருங்க, சோலி முடிஞ்சது.

கோர்ட்டு_வராண்டா:

முதல்ல மேல சொன்னத செஞ்சிராதீங்க சகோதரி. டொமைன் உங்க உழைப்புதான், ஆனா அக்கவுண்ட் அவரோடது. அவர் அனுமதி இல்லாம பாஸ்வேர்டு போட்டு உள்ள போனா ஐ.டி. ஆக்ட், அதாவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல 43, 66, 66சி பிரிவெல்லாம் உங்க மேல திரும்பும். 66ல மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. நியாயம் உங்க பக்கம் இருக்கிற கேஸ அவர் பக்கம் தள்ளிவிடாதீங்க.

நான் ஜில்லா கோர்ட்டுல பிராக்டிஸ் பண்றேன். சின்னக் கடைக்காரங்க இந்த மாதிரி பிரச்சினையோட வர்றது இப்ப அடிக்கடி நடக்குது, பெரும்பாலும் கையில ஒரு பேப்பர் இருக்காது, அதான் எனக்கு வருத்தம். உங்களுக்கு ஜிபே ரெக்கார்ட் இருக்கு. ஒவ்வொரு வருஷமும் "டொமைன் ரினிவல்"னு அவர் கேட்ட மெசேஜ், நீங்க அனுப்பின காசு, ரெண்டையும் தேதி வாரியா எடுத்து வைங்க. உங்களுக்காக, உங்க காசுல வாங்கினதுன்னு காட்ட அதுதான் ஆதாரம். செல்போன் ஸ்கிரீன்ஷாட்ட அப்படியே கோர்ட்டுல நீட்ட முடியாது, 2024 ஜூலை 1லேர்ந்து புது சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமம் 63வது பிரிவுப்படி சர்டிபிகேட் வேணும், அதுல ஃபைல் மாறலைன்னு காட்டுற ஹேஷ் வேல்யூவும் போடணும், நிபுணர் கையெழுத்தும் வேணும். அதனால ஒரிஜினல் சாட்ட அழிச்சிராதீங்க, போன மாத்தாதீங்க.

டொமைன் பேருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டான்னு கேட்டா உண்டு. 2004லயே சுப்ரீம் கோர்ட் சத்யம் இன்ஃபோவே கேஸ்ல சொல்லிருச்சு, நம்ம சென்னைக் கம்பெனிதான், சிஃபின்னு பேர் வச்சிருந்தாங்க, இன்னொருத்தர் சிஃபிநெட்னு எஃப் ஒண்ண கூடப் போட்டு டொமைன் எடுத்தாரு. டொமைன்ங்கிறது வெறும் முகவரி இல்ல, வியாபாரத்தோட அடையாளம், அதுக்கு டிரேட்மார்க் மாதிரி பாஸிங் ஆஃப் பரிகாரம், அதாவது அடுத்தவங்க பேர்ல தன் சரக்க விக்கிறதத் தடுக்கிற பரிகாரம், உண்டுன்னு தீர்ப்பு. டிரேட்மார்க் ரெஜிஸ்டர் பண்ணாதவங்களுக்கும் இது பொருந்தும், ஏன்னா பாஸிங் ஆஃப்ங்கிறதே அவங்களுக்காக இருக்கிறது. நீங்க 2019லேர்ந்து அந்தப் பேர்ல விக்கிறீங்கன்னு காட்டறது அதுல முக்கியம்.

கோர்ட்டுக்கு வெளிய ஒரு வழி யு.டி.ஆர்.பி., டொமைன் தகராறுக்குன்னே இருக்கிற புகார் முறை. டாட் காமுக்கு உலக அறிவுசார் சொத்து அமைப்புல புகார் போடலாம், ஒரே நடுவர்னா கட்டணமே 1,500 டாலர், நம்ம காசுல ஒரு லட்சத்துக்கு மேல. அவர் கேக்கிற 40,000த்துக்கு அது சரிப்படாது. அதுவும் போக, அவர் கெட்ட எண்ணத்துல ரெஜிஸ்டர் பண்ணினாருன்னும் காட்டணும், கெட்ட எண்ணத்துல பயன்படுத்துறாருன்னும் காட்டணும், ரெண்டும் வேணும். உங்க கேஸ்ல ஆரம்பத்துல அவர் நல்லபடியாத்தான் எடுத்திருப்பாரு. டாட் இன் டொமைன்னா, அத நிர்வகிக்கிற நிக்ஸி அமைப்பு நடத்துற ஐ.என்.டி.ஆர்.பி.ங்கிற அதே மாதிரி முறை, அங்க அந்த ரெண்டுல ஒண்ணு போதும். உங்களுக்கு நான் சொல்றது சாதாரண வக்கீல் நோட்டீஸ்தான்: டொமைன் உங்களுக்காக வாங்கினது, 7 நாள்ல ஆத் கோடு தரணும், தரலைன்னா நஷ்ட ஈட்டோட வழக்கு. இந்த மாதிரி ஆளுங்க பாதிப் பேர் கவர் கைக்கு வந்ததுமே இறங்கி வந்திருவாங்க.

வக்கீலுக்குக் காசு இல்லைன்னு யோசிக்காதீங்க. 1987 சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 12வது பிரிவுல பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் கோர்ட் வளாகத்துலயே இருக்கும். ஒண்ணு மட்டும், அங்க தர்ற வக்கீலுக்கு டொமைன், காப்பிரைட் எல்லாம் பழக்கம் இல்லாம இருக்கலாம், கேஸ் பேப்பர்க் கட்ட ஒழுங்கா அடுக்கிக் கொண்டு போங்க, மீதிய அவர் பாத்துக்குவாரு.

போட்டோ விஷயம் நாளைக்கு எழுதறேன், கிளையண்ட் வந்துட்டாங்க.

மதுரைக்காரி77:

அண்ணே கோடி நன்றி. படிச்சதும் அழுகையே வந்திருச்சு. கோவைத் தம்பி, பேக்கப் எடுத்துட்டேன், 1,640 கஸ்டமர் நம்பர் இருக்கு. வாட்ஸ்அப்ல ஆத் கோடு கேட்டு எழுதிட்டேன், ப்ளூ டிக் விழுந்திருக்கு, பதில் இல்ல.

போட்டோவப் பத்தி ஒரு சந்தேகம். 11ல எட்டு நான் எடுத்தது, மூணு கல்யாண போட்டோகிராபர் ஒருத்தர வரச்சொல்லி காசு குடுத்து எடுத்தது. அது அவரோடதுன்னு ஆயிருமா?

கோர்ட்டு_வராண்டா:

நல்ல கேள்வி, இதுல வக்கீல்களே தடுமாறுவாங்க. காப்பிரைட் ஆக்ட் 17வது பிரிவுல ஒரு தனி வரி இருக்கு: காசு குடுத்து ஒருத்தர் கேட்டுக்கிட்டதால எடுத்த போட்டோ, வேற ஒப்பந்தம் இல்லைன்னா, கேட்டுக் காசு குடுத்தவருக்குத்தான் சொந்தம். அதனால அந்த மூணும் உங்களுது. போட்டோகிராபருக்குக் குடுத்த காசுக்கு ஜிபே இருக்கும்ல, அதையும் கட்டுல வைங்க.

ஆனா வெப்சைட்டோட எழுத்துக்கும் கோடுக்கும் அந்தச் சலுகை இல்ல. சம்பளத்துக்கு வேலை பாக்கறவர் செஞ்சா முதலாளிக்குச் சொந்தம், வெளியாள் காண்ட்ராக்ட்ல செஞ்சா அவருக்கே சொந்தம், எழுதிக் குடுத்தாத்தான் உங்களுக்கு வரும். எழுதும்போதும் கவனமா எழுதணும். எத்தனை வருஷம்னு போடலைன்னா 19வது பிரிவுப்படி அஞ்சே வருஷம், எந்த எல்லைன்னு போடலைன்னா இந்தியா மட்டும். அதனால "காப்பிரைட் காலம் முழுக்க, உலகம் முழுக்க"ன்னு எழுதி அவர்கிட்ட கையெழுத்து வாங்குங்க. ஆத் கோடு தர்ற அன்னைக்கே அந்த ஒரு பக்கத்தையும் வாங்கிருங்க, அப்புறம் ஆள் கிடைக்க மாட்டாரு. புடவைக்குக் கீழ இருக்கிற வரி நீங்க எழுதினதுன்னா அது உங்களுதுதான், பிரச்சினை இல்ல.

இப்ப காப்பியடிச்சவன். காப்பிரைட் ரெஜிஸ்டர் பண்ணினாத்தான் கிடைக்கும்னு நெறைய பேர் நெனச்சிட்டிருக்காங்க, அப்படி இல்ல, நீங்க கிளிக் பண்ணின அந்த நிமிஷமே வந்திருச்சு, நீங்க இருக்கிற வரைக்கும், அதுக்கப்புறம் 60 வருஷத்துக்கும். போன்ல ஒரிஜினல் ஃபைல் இருக்கா பாருங்க, வாட்ஸ்அப்ல போய் வந்தது வேண்டாம், கேமரா ஃபைல், அதுல தேதி, போன் மாடல் எல்லாம் பதிஞ்சிருக்கும். அவன் சைட்ட பக்கம் பக்கமா பி.டி.எஃப் எடுங்க, வெப் பக்கங்கள அன்னைக்கு இருந்தபடியே சேமிக்கிற வேபேக் மெஷின் சைட்டுல சேமிச்சு வைங்க, ஒரு புடவைய ஆர்டர் போட்டு வாங்குங்க. பில்லுல ஒரு பேர் முகவரி வரும், யார் மேல கேஸ்னு தெரியறதுக்கே அதுதான் வழி.

அப்புறம் அவனோட ஹோஸ்டிங் கம்பெனிக்கு, அதாவது சைட்டுக்கு சர்வர்ல இடம் குடுக்கிற கம்பெனிக்குப் புகார். நம்ம காப்பிரைட் சட்டத்துல 52(1)(சி)யும் 2013 ரூல்ஸ்ல 75ம் இருக்கு: எழுத்துல புகார் குடுத்தா 36 மணி நேரத்துல அணுகலை நிறுத்தணும், 21 நாள் வரைக்கும். அதுக்குள்ள நீங்க கோர்ட் ஆர்டர் கொண்டு வரலைன்னா திருப்பிப் போட்டுக்கலாம். அந்தப் புகார்ல "கேஸ் போட்டு ஆர்டர் கொண்டு வர்றேன்"னு உறுதியும் எழுதிக் குடுக்கணும், அதனால சும்மா மிரட்டறதுக்குப் போடாதீங்க, போடற மனசு இருந்தா மட்டும். ஹோஸ்டிங் அமெரிக்கக் கம்பெனின்னா அமெரிக்கக் காப்பிரைட் சட்டப்படி போட்டோவ இறக்கச் சொல்ற டி.எம்.சி.ஏ. ஃபார்ம் அவங்க ஆன்லைன்ல இருக்கும், அது இன்னும் சுலபம். கூகுள் தேடல்லேர்ந்து எடுக்கவும் அதே மாதிரி ஃபார்ம் உண்டு.

கேஸ் போடணும்னா அவன் ஊருக்கு ஓட வேண்டியதில்ல. இதுதான் எனக்கு இந்தச் சட்டத்துல ரொம்பப் பிடிச்ச இடம், 62வது பிரிவு: உரிமைக்காரர் எங்க இருக்காரோ, எங்க வியாபாரம் பண்றாரோ அந்த ஜில்லா கோர்ட்டுலயே போடலாம். அவன் வேற மாநிலத்துல இருந்தாலும் மதுரைக்கு வரட்டும். கிரிமினலும் உண்டு, 63வது பிரிவு, ஆறு மாசத்துலேர்ந்து மூணு வருஷம், 50,000லேர்ந்து ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம், போலீஸ் நேரடியா எஃப்.ஐ.ஆர். போடலாம்னு 2022ல சுப்ரீம் கோர்ட் தெளிவாச் சொல்லிருச்சு. ஆனா முதல்லயே ஸ்டேஷனுக்குப் போகச் சொல்ல மாட்டேன், போட்டோ இறங்கறதுதான் இப்ப முக்கியம்.

திருப்பூர்_ஓவர்லாக்:

ஏனுங்க அம்மணி, நான் பனியன் யூனிட் வச்சிருக்கேன், டொமைன் விஷயத்துல உங்க நெலமைலயே ஆறு வருஷம் முன்னாடி நின்னேன். நான் அப்ப பயந்துபோயி அவன் கேட்ட காசக் குடுத்துப்போட்டேன், 25,000. குடுத்தும் டொமைன் மட்டும்தான் வந்துச்சு, மெயில் அக்கவுண்ட் அவன்கிட்டயே இருந்துச்சு, ரெண்டு எக்ஸ்போர்ட் என்கொயரி எனக்குத் தெரியாமயே அவன் இன்பாக்ஸ்ல கெடந்துச்சுங்க. அதனால காசு குடுக்கறதா இருந்தாலும் சரி, சும்மா வாங்கறதா இருந்தாலும் சரி, டொமைன், ஹோஸ்டிங், மெயில், சைட் அட்மின், கூகுள் மேப்ல கடை அக்கவுண்ட், இன்ஸ்டா, எல்லாத்தையும் ஒரே பேப்பர்ல எழுதி ஒரே நாள்ல வாங்கிப் போடுங்க.

இன்னொண்ணு சொல்றேன் தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்தவனுக்கு நோட்டீஸ் அனுப்பறதுக்கு முன்னாடி நம்ம சைட்டயும் ஒருக்கா பாத்துப் போடணும். என் சைட்டுல டெவலப்பர் போட்ட டெர்ம்ஸ் பக்கத்த நான் படிச்சதே இல்லைங்க, வக்கீல் படிச்சுக் காட்டினாரு, தகராறு வந்தா கலிஃபோர்னியா மாநிலச் சட்டம் பொருந்தும்னு இருந்துச்சு. திருப்பூர்ல பனியன் விக்கிறவனுக்குக் கலிஃபோர்னியா! எவனோ வெள்ளைக்காரன் சைட்டுலேர்ந்து அப்படியே எடுத்து ஒட்டியிருக்கான், அதுவே காப்பிரைட் மீறல்தானுங்களே. 2020 இ-காமர்ஸ் ரூல்ஸ்படி கடையோட சட்டப்படியான பேரு, முகவரி, போன், குறை கேக்கிற அதிகாரி பேரு எல்லாம் சைட்டுல போடணும், புகார் வந்தா 48 மணி நேரத்துல கெடச்சுதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துல முடிக்கணும். அந்தப் புள்ளி மங்கின அம்மா மாதிரி ஆளுங்க நாளைக்கு நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனா, அந்த சைட்டு எங்களுது இல்லைன்னு காட்ட உங்க சைட்டுல உங்க பேரும் முகவரியும் தெளிவா இருக்கறது உங்களுக்குத்தான் காப்பு.

மதுரைக்காரி77:

அண்ணா இப்பத்தான் போய்ப் பார்த்தேன், எங்க டெர்ம்ஸ் பக்கத்துலயும் எங்கயோ இருக்கிற வேற கம்பெனி பேர் ஒரு இடத்துல அப்படியே இருக்கு. எடுத்துட்டேன். நானே தமிழ்ல எழுதறேன், சாயம் எத்தனை துவைப்பு வரைக்கும் லேசா விடும்னும் சேத்து.

வராண்டா அண்ணே, பேர டிரேட்மார்க் பண்ணணுமா? அப்புறம் அவன் பிரிண்ட் துணிய "மதுரை சுங்குடி"ன்னு விக்கிறானே, அதுக்கு ஒண்ணும் இல்லையா? நிஜச் சுங்குடியில முடிச்சப் பிரிச்ச இடத்துல ஒவ்வொரு புள்ளியும் சுருங்கி மேல எழும்பி நிக்கும், கையால தடவினாலே தெரியும். அவன் அனுப்பற துணி வழவழன்னு இருக்குன்னு அந்த அம்மாவே சொல்றாங்க. போட்டோ எங்களுது, சரக்கு அவனோடது.

கோர்ட்டு_வராண்டா:

பண்ணிருங்க, தள்ளிப் போடாதீங்க. டி.எம்-ஏ ஃபார்ம், ஆன்லைன்ல தனி ஆளுக்கோ உத்யம்ங்கிற சிறுதொழில் பதிவு சர்டிபிகேட் உள்ள சின்ன நிறுவனத்துக்கோ ஒரு கிளாஸுக்கு, அதாவது ஒரு சரக்கு வகைக்கு, 4,500, மத்தவங்களுக்கு 9,000. புடவைக்கு 25வது கிளாஸ், கையில காசு இருந்தா கடைக்கு 35ம். 2019லேர்ந்து பயன்படுத்துறேன்னு அஃபிடவிட்டும் பழைய பில்லும் வைங்க. சர்டிபிகேட் வர்ற வரைக்கும் ஆர் போட்ட வட்டத்த பேருக்குப் பக்கத்துல போடாதீங்க, டி.எம்.னு போட்டுக்கலாம். கிடைச்சா 10 வருஷம், அப்புறம் புதுப்பிக்கலாம். ஆனா "சுங்குடி"ங்கிற வார்த்தைய உங்க தனிச் சொத்தா கேக்க முடியாது, கேக்கவும் கூடாது, அது மதுரைக்குப் பொது. உங்க கடைப் பேர்ல உங்களோட வார்த்தை எதுவோ அதுக்குத்தான் பாதுகாப்பு.

அந்தப் பொதுச் சொத்துக்குத்தான் புவிசார் குறியீடு. மதுரை சுங்குடிக்கு 2005லயே கிடைச்சாச்சு. குறியீடு வாங்கின சங்கம் ஒண்ணு, அதுக்குக் கீழ முறையா நெய்யறவங்க, முடிச்சுப் போடறவங்க "அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்"னு தங்க பேரப் பதிஞ்சுக்கலாம், ரெஜிஸ்ட்ரி நம்ம சென்னை கிண்டியிலயே இருக்கு. பதிஞ்சவங்களுக்கு அந்தப் பேரத் தப்பாப் பயன்படுத்தறவன் மேல வழக்குப் போடற உரிமை தனியா உண்டு. ஊர்ல இத்தனை பேர் முடிச்சுப் போடுறாங்க, எத்தனை பேர் பதிஞ்சிருக்காங்கன்னு நெனச்சா எனக்கு ஆத்தாமையா இருக்கு. உங்க மாமியார் பேர்ல, அந்த நாலு அக்கா பேர்லயும் போடுங்க, உங்க பேர்ல மட்டும் வேண்டாம். கலை அவங்க கையில இருக்கு.

மதுரைக்காரி77:

ஒன்பது நாள் கழிச்சு எழுதறேன், எல்லாரும் கேட்டிருந்தீங்க.

சட்டப்பணி ஆணைக்குழுவுக்குத் திங்கக்கிழமை போனேன், கட்டைப் பார்த்ததும் அந்த வக்கீலம்மா "இவ்ளோ ஒழுங்கா யாரும் கொண்டு வர்றதில்ல"ன்னாங்க. நோட்டீஸ் புதன் போச்சு. சனிக்கிழமை சாயங்காலம் டெவலப்பர் போன் பண்ணினாரு, நான் எடுக்கல, மெசேஜ்ல வாங்கன்னு எழுதினேன். அப்புறம் ஆத் கோடு வந்துச்சு. கடைசி வருஷ ரினிவல் பாக்கி 1,200ன்னாரு, பில்லு வாங்கிக் குடுத்துட்டேன். எழுதிக் குடுக்கற பேப்பர்ல கையெழுத்துக்கு நாளைக்குக் கடைக்கு வர்றேன்னிருக்காரு, "உலகம் முழுக்க"ங்கிற வரி இருக்கான்னு ரெண்டு தடவை பாத்துட்டேன். டிரான்ஸ்ஃபருக்குச் சம்மதமான்னு கேட்டு முதல் தடவையா என் மெயிலுக்கே மெயில் வந்துச்சு.

காப்பியடிச்ச சைட்டுல டி.எம்.சி.ஏ. போட்டதுல எட்டு போட்டோ இறங்கிருச்சு. காசு குடுத்து எடுத்த அந்த மூணு இன்னும் இருக்கு, அத்தையோட கையும் அதுல ஒண்ணு. போட்டோகிராபர் தம்பிகிட்ட ஒரிஜினல் ஃபைலும் ஒரு லெட்டரும் கேட்டிருக்கேன், வெள்ளிக்கிழமை தர்றேன்னாரு. கிண்டிக்கு அனுப்பற ஃபார்ம்ல அத்தை பேர எழுதியாச்சு, தொழில்னு ஒரு கட்டம் இருந்துச்சு, என்ன எழுதணும்னு அவங்களையே கேட்டேன். "முடிச்சுன்னு எழுது"ன்னாங்க.